கேளாமல் சொன்ன மனுசன்

அருளப்பு அண்ணையைப் பற்றி எங்கட பேசாலையில ஆரிட்ட வேணுமெண்டாலும் கேட்டுப் பாருங்கோ, நல்லதாய்த்தான் சொல்லுவினம். என்னட்டை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டிட்டியள். இனிப் பாதியில எழும்பிப் போகேலாது, வாத்தியார். அந்தக் கதிரையை நிழலுக்குள்ள இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கோ. நான் மீனைப் பிரட்டிக்கொண்டே சொல்லுறன். வெயில் எனக்காகக் காத்துக்கொண்டு நிக்காது.

வலை இழுக்கிற அம்பாப் பாட்டெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடப் போறியள், முன்பக்கத்தில அருளப்புவின்ர சீவியத்தை எழுதப் போறியள் எண்டு ஊரெல்லாம் கதை. சம்மாட்டி வீட்டிலதான் தங்கியிருக்கிறியளாம். கிழவர் கயித்தான் சம்மாட்டி போய்ச் சேர்ந்திட்டார். இப்ப வலையும் வள்ளமும் மீன்வாடியும் மகன்ர கையில. அச்சடிக்கிற செலவும் அந்தச் சின்னவர்தான் பொறுக்கிறாராம். நல்லது. சின்னவர் தகப்பனைப் போல இல்லை எண்டுதான் ஊர் சொல்லுது. பாப்பம்.

எல்லாப் பாட்டும் கிடைச்சிட்டுது, யோசேப்பின்ர பாட்டு மட்டும் முழுசாய்க் கிடைக்கேல்லை எண்டுதானே என்னட்டை வந்தனீங்கள்? ஓம், அது முழுசாய் என்னட்டைத்தான் இருக்கு. தருவன். ஆனால் கடைசியாய்த்தான் தருவன். முதல்ல மனுசனைப் பற்றிக் கேளுங்கோ.

அருளப்பு எண்டால் பெரிய தோற்றம் எண்டு நினைச்சிடாதையுங்கோ. ஈர்க்கில் மாதிரி உடம்பு, வளைஞ்ச கால், இடக் கண்ணில பூ விழுந்தது. குரலும் இனிப்பில்லை. தகரப்பேணியில கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு கரகரப்பு. பள்ளிக்கூடத்துக்கு ஆறு நாள் போனவராம். ஏழாம் நாள் வாத்தியாரைப் பற்றி ஒரு அடி கட்டிப் பாடி, பிரம்படி வாங்கி, அதோட கடலுக்கு வந்திட்டார். தன்ர பேரை எழுதத் தெரியாது. கலியாணப் பதிவில பெருவிரலைத்தான் வைச்சவர்.

நீங்கள் பென்சில் பிடிக்கிற ஆள், கயிறு பிடிச்சிருக்க மாட்டியள். கரைவலை எண்டால் வள்ளத்தில நாலு பேர் வலையைக் கொண்டுபோய் வளைச்சுப் போட்டு வருவினம். பிறகு ரெண்டு கயித்தையும் பிடிச்சுக் கரையில நிண்டு முப்பது நாப்பது பேர் இழுக்க வேணும். சும்மா இழுக்க ஏலாது, கால் எல்லாருக்கும் ஒண்டாய் விழ வேணும். அதுக்குத்தான் அம்பா. ஒருத்தர் ஒரு அடி சொல்ல, மற்ற ஆக்கள் எல்லாரும் 'ஏலேலோ' எண்டு இழுப்பினம். அருளப்புதான் அந்த ஒருத்தர். கயித்தான் சம்மாட்டியின்ர வலையில இருபத்தேழு வருசம் அவர்தான் அம்பா எடுத்தவர்.

மற்ற ஊர்களில அப்பன் பாட்டன் சொன்ன பழைய அம்பாவைத்தான் சொல்லுவினம். எங்கட ஆள் அப்பிடியில்லை. ஒவ்வொரு நாளும் புதுசு. அதுவும் எதைப் பற்றி எண்டு நினைக்கிறியள்? எங்கட அடுப்பு, எங்கட சண்டை, எங்கட பொத்தல் பாய்.

ஒருக்காப் பெருநாளுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு புலவர் வந்தவர். பட்டுச் சால்வை, கையில ஏடு. ஒரு மணித்தியாலம் பாடினார். நாங்களும் பெரிய மனுசரைப் போல தலையை ஆட்டிக்கொண்டு இருந்தனாங்கள். முடிஞ்சாப் பிறகு என்ர மாமி மெல்ல என்ர காதுக்குள்ள, 'எடி பிள்ளை, இது லத்தீனோ?' எண்டு கேட்டா. நான் சிரிச்ச சிரிப்பில சாமியாரே திரும்பிப் பாத்திட்டார். அடுத்த நாள் காலமை கயித்தில அருளப்பண்ணை எடுத்தார் பாருங்கோ:

விளக்கில எண்ணெயில்லை — ஏலேலோ
வீட்டில சண்டையில்லை — ஏலேலோ
முகந்தெரியா இருட்டுக்குள்ள — ஏலேலோ
முறைச்சென்ன விறைச்சென்ன — ஏலேலோ

மண்ணெண்ணெய் தட்டுப்பட்ட கிழமை அது. மத்தியானத்துக்கிடையில கிணத்தடியில எல்லாப் பெண்டுகளின்ர வாயிலும் இதுதான். புருசனோட கதையாமல் இருந்தவள் கூடச் சிரிச்சிட்டாள். ஒருத்தரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஏட்டைப் பிரிக்கத் தேவையில்லை. ஒருக்காக் கேட்டால் மனதில ஒட்டிவிடும். எங்கட வீட்டு விளக்கும் பாட்டுக்குள்ள போகலாம் எண்டு எங்களுக்கு அதுக்கு முந்தித் தெரியாது, வாத்தியார். தெரிஞ்ச நேரம் எங்களுக்கு எங்களிலேயே ஒரு மதிப்பு வந்திட்டுது. அதை நான் பொய் சொல்ல மாட்டன். அந்த மனுசனில எனக்கு எவ்வளவு கோவம் இருந்தாலும் அதை மறைக்க மாட்டன்.

என்னையும் விட்டவரில்லை. எனக்குக் கலியாணம் முடிஞ்ச புதுசு. வாடைக்காத்துக் காலம், கடலில ஒண்டும் இல்லை. ஒருநாள் யோசேப்பு, என்ர மனுசன், கயிறு இழுத்துப்போட்டு வீட்டுக்கு வரேக்குள்ளயே வாயைப் பொத்திக்கொண்டு வாறார். என்னெண்டு கேட்டால் சொல்லுறாரில்லை. எடித் எண்டு என்ர பேரையே போட்டுக் கட்டினதைப் பக்கத்து வீட்டுக்காரிதான் பாடிக் காட்டினாள்:

எடித்து வைச்ச குழம்பில — ஏலேலோ
எல்லாம் இருக்கு மீனில்லை — ஏலேலோ
மீனெங்க எண்டு கேட்டால் — ஏலேலோ
மினக்கெட்டுப் பிடிச்சுவா எண்டாள் — ஏலேலோ

எனக்கு வந்த கோவம்! அகப்பையோட கடற்கரைக்குப் போனன். 'அருளப்பண்ணை, என்ர குழம்பு உங்களுக்குப் பகிடியோ?' எண்டு கேட்டன். மனுசன் கயித்தைச் சுருட்டிக்கொண்டே சிரிச்சுது. 'தங்கச்சி, கயித்தில சொன்னது கயித்தோட. வலையின்ர மடி கரைக்கு வந்தாப் பிறகு அதைப் பற்றி ஒருத்தரும் கேக்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. அதுதான் முறை' எண்டார்.

உண்மைதான், அதுதான் எங்கட ஊர் முறை. கயித்தில நிண்டு சம்மாட்டியின்ர கஞ்சத்தனத்தைப் பாடலாம், கோயில் சங்கிடத்தாரின்ர வயித்தைப் பாடலாம், மாமியாரைப் பாடலாம். மீன் மடி கரைக்கு வந்து கயிறு சுருட்டினால் அதோட சரி. ஒருத்தரும் கோவிக்கேலாது, வழக்குக்குக் கொண்டுபோகேலாது. அந்த முறை இருந்தபடியால்தான் அருளப்பண்ணைக்கு அவ்வளவு துணிவு. எனக்கு இது நல்லாய்த் தெரியும். தெரிஞ்சும்தான் மோசம் போனனான். அதுக்கு வாறன்.

யோசேப்பும் அருளப்பண்ணையும் ஒரு கொடியில காய்ச்ச ரெண்டு காய். எங்கட பிலோமி பிறந்தோடன அவர்தான் ஞானத்தகப்பனாய் நிண்டவர். பிலோமிக்கு மூண்டு வயசில விசக்காய்ச்சல் வந்து, பிள்ளை தப்பாது எண்டு எல்லாரும் கைவிட்டிட்டினம். யோசேப்பு அப்ப பின்னேரங்களில பனங்கள்ளு ஒரு முட்டி குடிக்கிறவர்தான், நான் மறைக்கேல்லை. அண்டைக்குக் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு முன்னால முழங்காலில நிண்டு, 'என்ர பிள்ளையைத் தா, இனி என்ர சீவியத்தில கள்ளுத் தொட மாட்டன்' எண்டு நேத்தி வைச்சவர். அருளப்பண்ணை பக்கத்தில நிண்டவர். பிள்ளை எழும்பியிட்டுது. மனுசன் மூண்டு வருசம் ஒரு சொட்டுத் தொடேல்லை. கலியாண வீட்டில, செத்த வீட்டில, குளிருக்குள்ள, எங்கயும் தொடேல்லை. 'மாதா பாத்துக்கொண்டு நிக்கிறா' எண்டு சொல்லிக்கொண்டு தேத்தண்ணியைத்தான் ஊதி ஊதிக் குடிப்பார்.

தலைமன்னாருக்கு ரயில் வந்து பன்னிரண்டு வருசம் போயிருக்கும், அந்த வருசம்தான் அது நடந்தது. கயித்தான் சம்மாட்டியின்ர வள்ளம் பழசு. பலகைப் பொருத்துக்குள்ள தண்ணி வாறது. கலப்பத்துப் பாக்க வேணும், பொருத்துக்குப் பஞ்சு வைச்சு அடைக்க வேணும் எண்டு ரெண்டு மாசமாய்ச் சொல்லியும் மனுசன் 'இந்த வலைப்பாடு முடியட்டும், இந்த வலைப்பாடு முடியட்டும்' எண்டுகொண்டே இருந்தது. மீன் பட்ட காலம். வள்ளத்தைக் கரையில ஏத்தி வைக்க மனமில்லை.

அண்டைக்கு விடியக் காலமை அருளப்பண்ணை எங்கட வீட்டுக்கு வந்தவர். ரெண்டு பேரும் என்ர கையாலதான் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சவை. அருளப்பண்ணை பனங்கட்டி ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கினவர். சேர்ந்துதான் கடற்கரைக்குப் போனவை. கரையில வள்ளத்தைப் பாத்து, 'சம்மாட்டி, வள்ளம் தண்ணி குடிக்குது, இண்டைக்கு வேண்டாம்' எண்டு அருளப்பண்ணையே சொன்னவராம். சம்மாட்டி, 'தள்ளடா எண்டால் தள்ளு' எண்டவர். தள்ளிச்சினம். யோசேப்பும் சேர்த்து நாலு பேர் வள்ளத்தில போனவை, அருளப்பண்ணை கரையில கயித்தோட நிண்டவர். வலையை இறக்கேக்குள்ள வள்ளம் பக்கவாட்டில சரிஞ்சுது. மூண்டு பேர் நீந்தி வந்திட்டினம். யோசேப்பின்ர கால் வலைக்குள்ள மாட்டியிட்டுது.

வலையை இழுத்துத்தான் என்ர மனுசனைக் கரைக்குக் கொண்டுவந்தவை. அண்டைக்கு அம்பா இல்லை.

அண்டைக்கே மரண விசாரணைக்காரர் வந்தார். எல்லாருக்குமாய்ச் சம்மாட்டிதான் வாய் திறந்தது. 'குடிச்சிருந்தவன் ஐயா, நிலை தவறி விழுந்திட்டான், வள்ளமும் அவனாலதான் சரிஞ்சது' எண்டு சொல்லி முடிச்சிட்டுது. ஒருத்தரையும் வேற கேக்கேல்லை. எழுதியும் போட்டாச்சு: குடிவெறியில் மூழ்கி மரணம். நான் சவத்தில விழுந்து கிடந்தனான், எனக்கு ஒண்டும் தெரியாது. மூண்டாம் நாள்தான் காதில விழுந்தது. வாத்தியார், அவர் செத்ததைக் கூட நான் தாங்கியிட்டன். மாதாவுக்குக் குடுத்த வாக்கை மீறினவன் எண்ட பேரை என்னால தாங்க ஏலாமல் போச்சு. சவக்காலையில கிடக்கிறவருக்கு எழும்பி வந்து 'நான் குடிக்கேல்லை' எண்டு சொல்ல ஏலுமோ?

முப்பத்தோராம் நாள் கழிஞ்சு கயிறு திரும்பப் பிடிச்சினம். நான் இதே இடத்தில, இதே பரணில மீன் பரப்பிக்கொண்டு நிக்கிறன். அருளப்பண்ணை எடுத்தார்.

முதல் அடியிலேயே என்ர கை நிண்டிட்டுது. யோசேப்பு குடியாததைப் பற்றியும் ஓட்டை வள்ளத்தைப் பற்றியும் எட்டு அடி. சம்மாட்டி அங்கேயே, கயித்துக்குப் பக்கத்தில குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதின்ர முகத்துக்கு நேர பாடினவர். நாப்பது பேர் 'ஏலேலோ' எண்டினம், ஒரு குரல் கூடத் தவறேல்லை. சம்மாட்டி உதட்டைக் கடிச்சுக்கொண்டு கடலைப் பாத்தது. கயித்தில சொன்னதுக்கு வாய் திறக்கேலாதே! நான் மணலில இருந்து விக்கி விக்கி அழுதனான். சந்தோசத்தில அழுதனான். என்ர மனுசன்ர பேரைக் கழுவித் துடைச்சு வெயிலில காயப் போட்டது மாதிரி இருந்தது எனக்கு. அந்தக் கடைசி அடி, 'கேளாமல் நான் சொல்லுறன்' எண்டு வாறது, அதுக்கு அந்தக் கரகரத்த குரல் உடைஞ்சுது. பின்னேரம் அவற்ற வீட்டுக்குப் போய்க் காலில விழப் பாத்தன். 'எழும்பு தங்கச்சி, அவன் என்ர கூடப்பிறந்தவன்' எண்டார்.

அந்தப் பாட்டு ஊரில நிக்கேல்லை. எளிய சொல்லு, தெரிஞ்ச துயரம். தாழ்வுபாட்டுக்குப் போச்சு, பள்ளிமுனைக்குப் போச்சு, மீன்வண்டிக்காரர் பெருநிலத்துக்கும் கொண்டுபோட்டினம். பாப்பாமோட்டையில நாத்து நடுகிற பெண்டுகள் பாடினவையாம், கரைவலையைக் கண்ணால காணாத சனம்.

அப்பத்தான் எனக்கு அந்த விசர் யோசனை வந்தது. மன்னார்க் கச்சேரியில இருக்கிற அரசாங்கத் துரைக்கு முறைப்பாட்டுப் பெத்திசம் போட்டால் என்ன? பிலோமியையும் கையில பிடிச்சுக்கொண்டு மன்னாருக்கு நடந்தன். கச்சேரிக்கு முன்னால ஜமால்தீன் எண்டு ஒரு நானா மேசை போட்டுப் பெத்திசம் எழுதுறவர். எல்லாத்தையும் கேட்டார். 'சாட்சி ஆர், தங்கச்சி?' எண்டார். 'பாட்டுத்தான் நானா' எண்டன். பாடிக் காட்டினன். மனுசன் பேனையை மேசையில வைச்சிட்டு, 'அல்லாவே, இது உன்ர மாப்பிள்ளையின்ர பாட்டோ? என்ர மகள் உம்மு குல்சூம் வீட்டில இதைத்தானே பாடுறாள்!' எண்டு கண்ணைத் துடைச்சார். பிறகு சொன்னார்: 'ஆனால் பாட்டு வந்து கையெழுத்து வைக்காது, தங்கச்சி. வேற ஆரும் ஒருத்தரைப் பிடி. அந்த மூண்டு பேரில ஒருத்தரையாவது கேள்.'

நான் கேக்கேல்லை. அதுதான் என்ர பிழை. ஊரே ஒரு வாயாய்ச் சொல்லுற விசயத்துக்கு இன்னொரு சாட்சி எதுக்கு எண்டு நினைச்சிட்டன். மூண்டு பேரும் கயித்தில நிண்டு 'ஏலேலோ' எண்டவைதானே? கயித்துக்கு வெளியிலயும் அப்பிடித்தான் சொல்லுவினம் எண்டு நம்பியிட்டன். பாட்டை அடிக்கு அடி பெத்திசத்தில எழுதுவிச்சுக் குடுத்திட்டு வந்தன்.

துரை ரெண்டு மாசம் கழிச்சு விசாரணைக்கு வந்தார். நல்ல துரைதான், அவரை நான் குறை சொல்ல மாட்டன். ஊர்த் தலைவர் விதானையார் வீட்டு முத்தத்தில மேசை போட்டு இருந்தார். பக்கத்தில மொழிபெயர்க்கிற முதலியார். ஒருபக்கம் சம்மாட்டி, ஒருபக்கம் நான், நடுவில கயித்துக்காரர் எல்லாரும் குந்தியிருக்கினம். முதலியார் பெத்திசத்தை வாசிச்சார். பாட்டையும் ராகமில்லாமல், காணி உறுதி வாசிக்கிற மாதிரி வாசிச்சார். ஒவ்வொரு அடி முடியவும் என்ர பிலோமி, ஆறு வயசுப் பிள்ளை, 'ஏலேலோ' எண்டாள். எல்லாரும் சிரிச்சிட்டினம். துரையும் சிரிச்சார். எனக்கும் ஒரு துணிவு வந்தது.

'இந்தப் பாட்டை ஆர் கட்டினது?' எண்டு துரை கேட்டார். எல்லாற்ற தலையும் ஒரு பக்கம் திரும்பிச்சுது. அருளப்பண்ணை எழும்பினார். தலையில கட்டியிருந்த சால்வையை அவிட்டு இடுப்பில கட்டினார்.

'உன்ர பாட்டோ?'

'ஓம், ஐயா.'

'இதில சொன்னது உண்மையோ?'

நான் அவற்ற வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறன். ஒரு சொல்லு. 'ஓம்' எண்டு ஒரு சொல்லு, வாத்தியார். கேளாமல் சொன்ன மனுசன், இப்ப கேக்கினமே, சொல்லு!

மனுசன் மணலைப் பாத்தது. 'ஐயா, இது அம்பா. வலை கனத்தால் ஆக்கள் களைக்காமல் இழுக்கிறதுக்கு வாயில வாறதைச் சொல்லுறது. கயித்தில சொன்னது கயித்தோட, ஐயா. கரையில அதுக்கு ஒரு கருத்தும் இல்லை.'

'அப்ப, அண்டைக்கு அவன் குடிச்சிருந்தவனோ, இல்லையோ?'

'நான் பாக்கேல்லை, ஐயா.'

பாக்கேல்லையாம்! என்ர கோப்பையில, என்ர மனுசனோட முட்டுக்கு முட்டு இருந்து தேத்தண்ணி குடிச்சவர்! பனங்கட்டி ரெண்டாம் தரம் கேட்டவர்! 'அருளப்பண்ணை, மாதா அறிய என்னைப் பாத்துச் சொல்லுங்கோ' எண்டு கத்தினன். தலை நிமிரேல்லை. முதலியார் என்னைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருத்தராய்க் கேட்டினம். ஒவ்வொருத்தரும் அதே பாடம்: 'அம்பா ஐயா, சும்மா இழுத்தனாங்கள் ஐயா.' நாப்பது பேர் ஒண்டாய்க் கால் வைச்சு இழுத்த மாதிரித்தான் அதுவும் இருந்தது. துரை என்ன செய்யிறது? சொன்னதை எழுதினார், கடுதாசிக் கட்டை மூடினார். பழைய எழுத்து அப்பிடியே நிண்டிட்டுது.

காசு வாங்கினாரோ எண்டு கேக்கப் பாக்கிறியள். இல்லை, சத்தியமாய் இல்லை. வாங்கியிருந்தால் எனக்குச் சுகம். காசுக்கு வித்தவன் எண்டு ஒரு துப்புத் துப்பிப்போட்டு மறந்திருப்பன். அவற்ற பெண்சாதி கன காலத்துக்குப் பிறகு என்னட்டைச் சொன்னவ. விசாரணைக்கு முதல் நாள் சம்மாட்டி அவரைக் கூப்பிட்டு, 'நாளைக்கு அது உண்மை எண்டு சொன்னியெண்டால், நாளண்டைக்கு என்ர கயித்தில வேற ஆள் அம்பா எடுப்பான்' எண்டதாம். அவ்வளவுதான். கயிறு இல்லாட்டி அருளப்புவுக்குப் பாட்டில்லை. தனியக் குந்தியிருந்து பாடுறவர் இல்லை அவர், நாப்பது வாய் திருப்பிச் சொன்னால்தான் அவருக்கு உயிர். தொடர்ந்து பாடுறதுக்காகத் தான் பாடினதையே பொய்யெண்டு சொல்லிப்போட்டார். இதை என்னெண்டு சொல்லுறது? எனக்கு இண்டைக்கும் நெஞ்சு எரியுது.

அடுத்த வருசம் சம்மாட்டி புது வள்ளம் இறக்கினது. பழையதை உடைச்சு விறகாக்கினது. பாருங்கோ, ஓட்டை இல்லாத வள்ளத்தை ஆராவது உடைப்பினமோ? அண்டைக்கு அருளப்பண்ணை ஒரு அம்பா எடுத்தார். 'புது வள்ளம் வந்ததடா, ஏலேலோ, பொன்போல மின்னுதடா, ஏலேலோ.' உங்கட கொப்பியில இருக்கும். ராகம் எந்த ராகம் தெரியுமோ? யோசேப்பின்ர பாட்டின்ர ராகம்! சனத்தின்ர வாயில இருந்த என்ர மனுசனை இறக்கிப்போட்டு, அந்த இடத்தில வள்ளத்தை ஏத்தியிட்டார். அதுதான் உங்களுக்கு ஊரில அந்தப் பாட்டு முழுசாய்க் கிடைக்கேல்லை. ஒரு அடி சொல்லத் தொடங்கினால் ரெண்டாம் அடியில வள்ளம் வந்திடும்.

பிலோமி கோயிலில முதல் நன்மை எடுக்கிற நாளுக்குச் சட்டைத் துணி அனுப்பினவர், ஞானத்தகப்பனாம். திருப்பி அனுப்பினன். பிள்ளை வளர்ந்தாப் பிறகு ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு, 'மாதாவை ஏமாத்திக் குடிச்சுச் செத்தவன்ர பெட்டை' எண்டு. கடைசியாய்ப் பள்ளிமுனைப் பெடியன் ஒருத்தன்தான் கட்டினவன். அவனும் ஒருநாள் கோவத்தில அதைச் சொல்லிப்போட்டான். பிறகு மன்னிப்புக் கேட்டவன், நல்ல பெடியன்தான். ஆனால் சொன்னவன்.

ஆனால் கேளுங்கோ, இந்தப் பதினெட்டு வருசமும் அந்த மனுசன் பாடினதை நான் இந்தப் பரணடியில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். காதைப் பொத்தினால் மீனை ஆர் பிரட்டுறது? அரிசிக் கூப்பனைப் பற்றிப் பாடினார், மூட்டைப்பூச்சியைப் பற்றிப் பாடினார். எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது, நாசமறுப்பு! சிரிக்கக் கூடாது எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பன், சிரிப்பு வந்திடும். அண்டைக்கு முழுக்க என்னில எனக்கே அருவருப்பாய் இருக்கும்.

போன பங்குனியில ஆள் பாயில விழுந்திட்டார். கடைசி நேரம் எண்டு சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசியிட்டார். 'எடித்தைக் கூப்பிடுங்கோ' எண்டு மூண்டு தரம் ஆள் அனுப்பினவர். மூண்டாம் தரம்தான் போனன், மத்தியானம். அறை நிறையக் கயித்துக்காரர். என்னைக் கண்டவுடன அந்த ஒரு கண் நனைஞ்சுது. 'தங்கச்சி' எண்டார். பிறகு, நான் நினைக்கவேயில்லை, அந்தக் கரகரத்த குரலில எடுத்தார்: 'மூண்டு வருசமடா...'

எடுத்திட்டு நிண்டார், பதிலுக்கு. அறையில இருந்தவை எல்லாரும் 'ஏலேலோ' எண்டினம். நானும் சொன்னன், வாத்தியார்! எனக்குத் தெரியாமலே என்ர வாய் சொல்லிப்போட்டுது. பதினெட்டு வருசம் காத்திருந்த வாய் அது.

அடுத்த அடிக்கு அவர் மூச்சு எடுக்கேக்குள்ள நான் கையைப் பிடிச்சன். 'பாடாதையுங்கோ' எண்டன். 'இஞ்ச கயிறில்லை. இவ்வளவு பேர் இருக்கினம். பாட்டில்லாமல் சொல்லுங்கோ. யோசேப்பு குடிக்கேல்லை. அது போதும், நான் எல்லாத்தையும் மன்னிச்சிடுவன்.'

 சம்மாட்டியின்ர சின்னவர் கால்மாட்டில நிண்டவர், பழமும் கொண்டு பாக்க வந்தவர். அருளப்பண்ணை அவரை ஒருக்காப் பாத்தார், என்னை ஒருக்காப் பாத்தார். 'எனக்குச் சொல்லத் தெரியாது, தங்கச்சி. பாடத்தான் தெரியும்' எண்டார். சாகப்போற மனுசனுக்கு இன்னும் என்ன பயம்? நான் கையை விட்டிட்டு வந்திட்டன். ரெண்டு நாளில முடிஞ்சுது. செத்த வீட்டுக்குப் போகேல்லை.

இப்ப கொப்பியை எடுங்கோ. பாட்டைச் சொல்லுறன், பிழையில்லாமல் எழுதுங்கோ.

மூண்டு வருசமடா — ஏலேலோ
முட்டி தொடாத வாயடா — ஏலேலோ
உப்புத்தண்ணி குடிச்சவனை — ஏலேலோ
ஊரார் வெறியனெண்டார் — ஏலேலோ
ஓட்டை வள்ளம் தள்ளச் சொல்லி — ஏலேலோ
ஓரமாய் நிண்டதாரோ — ஏலேலோ
கேட்டாலும் கடல் சொல்லாது — ஏலேலோ
கேளாமல் நான் சொல்லுறன் — ஏலேலோ

நல்ல பாட்டுத்தானே? உங்கட கண்ணே கலங்குது. ஓம், அப்பிடித்தான், கேக்கிற எல்லாருக்கும் கலங்கும். கலங்கிப்போட்டுப் போவினம்.

கொப்பியை மூடாதையுங்கோ, இன்னும் முடியேல்லை. அதுக்குக் கீழ இன்னும் நாலு வரி இருக்கு. அது பாட்டில்லை, ராகமில்லை, ஒருத்தரும் 'ஏலேலோ' சொல்லத் தேவையில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ. யோசேப்பு குடிக்கேல்லை. வள்ளம் ஓட்டை. அது கயித்தான் சம்மாட்டிக்குத் தெரியும். அருளப்புவுக்கும் தெரியும். சொன்னது எடித், யோசேப்பின்ர பெண்சாதி, பேசாலை.

எழுதுங்கோ வாத்தியார். பாட்டை எழுதேக்குள்ள நல்லாய்த்தானே ஓடிச்சுது, இப்ப ஏன் பென்சில் நிக்குது?